டிஜிட்டலில் இருந்து பிலிமுக்கு: யாழ்ப்பாணத்து வெயிலிலும் கிணற்றுத் தண்ணீரிலும்

பிலிமில் படம் எடுக்க ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் கமரா தேடத் தொடங்குவார்கள். அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கையில் உள்ள டிஜிட்டல் கமராவின் பின்திரையைக் கறுப்பு ரேப் ஒட்டி மறையுங்கள். 50 மி.மீ லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சர் என்றால் 35 மி.மீ. ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்தி, போகஸ், ஷட்டர், அபெர்ச்சர் (லென்ஸின் துளை) மூன்றையும் கையாலேயே வைத்து 36 படம் எடுங்கள். ஒன்றையும் அழிக்கக்கூடாது. இரண்டு நாள் கழித்துத்தான் கணினியில் போட்டுப் பார்க்கவேண்டும். இது வெறும் எரிச்சலாக இருந்தால் பிலிமுக்குப் போகவேண்டாம், காசு மிச்சம். எடுத்த படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தோன்றினால் மேலே படியுங்கள்.

பிலிம் படம் டிஜிட்டலை விடத் தெளிவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இன்றைய 24 மெகாபிக்சல் கமரா 35 மி.மீ பிலிமை விடக் கூடுதல் நுணுக்கம் காட்டும். பிலிமின் சுகம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பட்டனை அமத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்தாகவேண்டும் என்பது. மற்றது, அந்தப் படத்தை உங்கள் கையாலேயே கழுவி எடுப்பது. இரண்டாவதை விட்டுவிட்டு வெறுமனே எடுத்துக் கடைக்கு அனுப்புபவர்கள் பாதிப் பலனைத்தான் பெறுகிறார்கள். அதனால் முதல் றோல் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். கலர் பிலிமைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் (பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் கெமிக்கல்) 37.8 பாகை செல்சியஸில் அசையாமல் 3 நிமிடம் 15 செக்கன் நிற்கவேண்டும். அதைக் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

கமராவும் பிலிமும்

முழுக்க மெக்கானிக்கலாக இயங்கும் கமரா நல்லது. 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000, 1982இல் வந்த நிக்கோன் எஃப்எம்2 போன்றவற்றில் பற்றரி லைட் மீட்டருக்கு மட்டுந்தான். அது செத்தாலும் படம் எடுக்கலாம். கனொன் ஏஇ-1 அப்படியல்ல, 6 வோல்ட் பற்றரி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அலுமாரிக்குள் கிடக்கும் பழைய கமராவில் இன்னொரு சிக்கல் வரலாம். 1960, 70களின் பல கமராக்கள் 1.35 வோல்ட் மெர்குரி பற்றரிக்குச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவு 1.5 வோல்ட் பற்றரியைப் போட்டால் பல கமராக்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுபோகும்.

வாங்குமுன் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 1 செக்கனில் வைத்து அடித்துப் பாருங்கள். பாதியில் தடக்கி நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து ரோச் லைற் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டிருந்தால் அது பங்கசு (பூஞ்சணம்). மாரியில் நமக்கு இதுதான் பெரிய எதிரி. கொஞ்சம் தூசு பரவாயில்லை. பின்கதவின் ஓரத்தில் உள்ள கறுப்பு ஸ்பொஞ்சை விரலால் தொடுங்கள். பிசின் போல ஒட்டினால் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் வெளிச்சம் ஒழுகிப் படத்தின் ஓரம் வெந்துபோகும். வாங்கிய பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பங்கசு வளர்க்க மிக நல்ல வழி.

பிலிமுக்கு இல்போர்ட் எச்பி5 பிளஸ், 400 வேகம் (அதாவது ஐஎஸ்ஓ 400). பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் பிலிம் அது. வெயிலில் மட்டும் எடுப்பதென்றால் எஃப்பி4 பிளஸ், 125. வாங்கிய பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே டப்பாவைத் திறக்கவேண்டும். இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் பிலிமை வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். பலாலியாலோ கட்டுநாயக்காவாலோ பறப்பவர்கள் பிலிமை ஒருபோதும் லக்கேஜில் போடவேண்டாம். கையில் கொண்டுபோய், கையாலேயே சோதிக்கும்படி கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிடி (CT) ஸ்கானர்கள் எந்த வேகப் பிலிமையும் மங்கவைக்கும்.

பிலிம் ஏற்றுவது

புதிதாக வருபவர்கள் ஒரு றோல் முழுவதையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நிழலில் நின்று ஏற்றுங்கள். பிலிமின் நாக்கைச் சுற்றும் ஸ்பூலின் வெட்டுக்குள் நன்றாகச் செருகி, லீவரை ஒருமுறை இழுத்து, பல்லுகள் இரண்டு பக்கத் துளைகளிலும் மாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடவேண்டும். பிறகு றீவைன்ட் கைபிடியை மெல்லச் சுழற்றிப் பிலிமின் தொய்வை இறுக்குங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்தக் கைபிடி எதிர்ப்பக்கமாகச் சுழலவேண்டும். சுழலவில்லையென்றால் பிலிம் ஓடவில்லை. எண்காட்டி 20 என்று சொன்னாலும் நம்பவேண்டாம், அது லீவரைத்தான் எண்ணுகிறது.

36இல் லீவர் இறுகினால் பலவந்தம் பண்ணாதீர்கள், பிலிம் கிழியும். அடிப்பக்கத்துப் பட்டனை அமத்திவிட்டு றீவைன்ட் பண்ணுங்கள். கதவு தவறித் திறந்துவிட்டால் உடனே மூடிவிடுங்கள். வெளிச்சுற்றுகள் போனாலும் உள்ளே சுருண்ட படங்கள் பெரும்பாலும் தப்பும்.

வெளிச்சத்தைப் படிப்பது

டிஜிட்டலில் வெள்ளை வெந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும், நிழலைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளிறியும் பதியும் நெகட்டிவ் பிலிமில் இது அப்படியே தலைகீழ். நிழலில் பதியாதது பதியாததுதான், எந்தக் கெமிக்கலும் அதைக் கொண்டுவராது. வெள்ளைப் பக்கத்தில் இரண்டு ஸ்டாப் கூடினாலும் எச்பி5 தாங்கும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி). ஆகவே சந்தேகம் வந்தால் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். டிஜிட்டலில் இருந்து வருபவர்களின் முதல் றோல் மெலிந்து கிடப்பதற்குக் காரணம், பழைய பழக்கத்தில் குறைத்து எடுப்பதுதான்.

மீட்டர் இல்லாமலே தொடங்கலாம். தெளிந்த வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16 (எண் குறையக் குறையத் துளை அகலும்), ஷட்டர் பிலிமின் வேகத்துக்குக் கிட்டிய எண்: 400க்கு 1/500, 125க்கு 1/125. பண்ணைக் கடற்கரை போல மணலும் நீரும் பளிச்சிடும் இடத்தில் எஃப் 22. மப்பு ஆனால் வெளிச்சமாக இருந்தால் எஃப் 8. கருமேகம் மூடியிருந்தால், அல்லது வானம் தெரியும் திறந்த நிழலில், எஃப் 5.6 அல்லது 4. அடர்ந்த வேம்பின் கீழ் இன்னும் ஒரு ஸ்டாப் திறக்கவேண்டும். பெரும்பாலான பழைய கமராக்களின் ஷட்டர் 1/1000க்கு மேல் போகாது. ஆகவே 400 பிலிமோடு உச்சி வெயிலில் எஃப் 2.8இல் பின்னணியை மங்கவைக்க நினைப்பது வீண். அதற்கு 1/16000 வேண்டும். 125 பிலிம் என்றால் 1/1000இல் எஃப் 5.6 வரை திறக்கலாம்.

கமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் நிறமாகவே ஆக்கப் பார்க்கும். யாழ் பொது நூலகத்தின் வெள்ளைச் சுவரை நிறைய வைத்து, மீட்டர் சொன்னபடியே எடுத்தால் சுவர் சாம்பலாகி, வாசலில் நிற்பவர் கறுத்துப்போவார். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டவேண்டும். காவியும் வெள்ளையுமாகப் பட்டையடித்த கோயில் மதிலுக்கு ஒரு ஸ்டாப் போதும். இலகுவான வழி உள்ளங்கை. படம் எடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் கையை விரித்து, கமராவைக் கிட்டக் கொண்டுபோய் உள்ளங்கையை மட்டும் அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலை விட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிறியது, அவ்வளவுதான் கணக்கு.

நிழலையே அளப்பதானால் கணக்கு வேறு. பனங்கூடலுக்குள் அடிமரத்தின் கருமையில் கொஞ்சம் நுணுக்கம் தெரியவேண்டும் என்று அந்த இருட்டை மட்டும் அளந்து 1/125, எஃப் 4 வருகிறது என்று வையுங்கள். அதை அப்படியே வைத்தால் இருட்டு சாம்பலாகிவிடும். இரண்டு ஸ்டாப் குறைத்து எஃப் 8இல் எடுத்தால் கருமையும் இருக்கும், நார் தெரியும் நுணுக்கமும் இருக்கும். முகத்தை அளப்பதென்றால் இந்தக் கழித்தல் வேண்டாம். நம்முடைய மாநிற முகம் நடுச்சாம்பலுக்குக் கிட்டத்தான் நிற்கும், மீட்டர் சொன்னதை அப்படியே வைக்கலாம்.

நேரமும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தை அந்த நேரம் எடுத்தால் எல்லோருடைய கண்குழியும் இரண்டு கறுப்புப் புள்ளியாகத்தான் வரும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது பந்தலின் நிழலுக்குள் எடுங்கள். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும் கோட்டை மதிலையும் சாய்வெளிச்சத்தில் எடுத்தால்தான் கல்லின் முகம் தெரியும். வானம் வெறும் வெள்ளையாக வருகிறது என்பவர்கள் மஞ்சள் பில்டர் ஒன்று வாங்குங்கள். நீல வானத்தைக் கொஞ்சம் கருக்கி முகிலைப் பிரித்துக் காட்டும். அது ஒரு ஸ்டாப் வெளிச்சம் குடிக்கும். லென்ஸ் ஊடாகவே அளக்கும் கமரா அதைத் தானே சேர்த்துக்கொள்ளும். கைக்கணக்கில் எடுப்பவர்கள்தான் கூட்டவேண்டும்.

போகஸுக்கு அவசரமான இடங்களில், சந்தையில், பஸ் நிலையத்தில், 50 மி.மீ லென்ஸை எஃப் 11இல் வைத்து 5 மீற்றரில் நிறுத்திவிடுங்கள். ஏறத்தாழ 3 மீற்றரிலிருந்து 14 மீற்றர் வரை தெளிவாக வரும். பிறகு கண்ணுக்கு முன் நடப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டில் கழுவுவது

தேவையானவை: பிலிமைச் சுற்றும் றீலும் அதை வைத்து மூடும் பற்றர்சன் வகை டாங்கும், கையை விட்டுப் பிலிம் ஏற்ற வெளிச்சம் புகாத சேஞ்சிங் பை, இல்போர்ட் ஐடி-11 டெவலப்பர் தூள், வந்த படத்தை நிலைநிறுத்தும் றாப்பிட் ஃபிக்சர், அளவுக் குவளை, பாமசியில் வாங்கும் பெரிய சிரிஞ்ச், ஒரு தேமாமீற்றர். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தேமாமீற்றர் உதவாது, பெரும்பாலும் 32 பாகைக்குக் கீழே எண்ணே காட்டாது. சமையலுக்கோ மீன்தொட்டிக்கோ விற்பதை வாங்குங்கள்.

நமக்கு இரண்டு இடைஞ்சல். முதலாவது சூடு. டெவலப்பர் நேரங்கள் 20 பாகைக்கு எழுதப்பட்டவை. நம் குழாய்த் தண்ணீர் சாதாரணமாகவே 28க்கு மேல். சூடு கூடினால் நேரம் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். 20 பாகையைத் துரத்தாமல் 24இல் நிறுத்துங்கள், டெவலப்பரையும் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து பாவியுங்கள். எச்பி5 பிலிம், ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று: 20 பாகையில் 13 நிமிடம், 24 பாகையில் ஏறத்தாழ 9. வசதியான நேரம். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போட்டால் அது மேலும் நீர்த்துவிடும். அகன்ற பேசினில் தண்ணீர் விட்டு, ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி அதற்குள் போட்டு, டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் அந்தப் பேசினிலேயே நிற்கவிடுங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். குளிர்ந்த டெவலப்பரில் இருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டால் பிலிமின் ஜெலற்றின் வரண்ட குளத்துமண் போல வெடித்துவிடும்.

இரண்டாவது தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை, பிலிமிலும் காய்ந்து புள்ளியாகும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் வாங்குங்கள். நடுவில் கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், துணியால் வடிகட்டி எடுத்தால் சரி.

ஐடி-11 தூளை 40 பாகைத் தண்ணீரில் முதல் பையை முழுதாகக் கரைத்த பிறகே இரண்டாவதைக் கரைக்கவேண்டும். ஆறியதும் சிறு போத்தல்களில் வாய்வரை நிரப்பி மூடினால் ஆறு மாதம் வரும். பாதிப் போத்தலில் காற்றோடு வைத்தால் ஒரு மாதந்தான். சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள், பெயர் எழுதி ஒட்டினாலும்.

பிலிமை றீலில் ஏற்றுவதுதான் பழகவேண்டிய வேலை. வீணான பிலிம் ஒன்றை எடுத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கை தானாகச் செய்யும்வரை ஏற்றிப் பழகுங்கள். நாக்கை வெட்டி எறிந்து, மூலைகள் இரண்டையும் கத்தரிக்கோலால் வட்டமாக்கினால் சிக்காது. றீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் இறுகி நிற்கும். சேஞ்சிங் பைக்குள் நம் கைகள் வியர்க்கும், அந்த ஈரமும் போதும். விடியப்புறம் செய்யுங்கள். சிக்கினால் இழுக்காமல், பிலிமை டாங்குக்குள் போட்டு மூடி, கையைத் துடைத்துவிட்டு வாருங்கள். டாங்கின் நடுவில் நிற்கும் கறுப்புக் குழாயை மறந்துவிட்டு மூடினால் வெளிச்சம் நேரே உள்ளே போகும். முழு றோலும் கறுப்பு.

ஒரு 35 மி.மீ றோலுக்கு 300 மி.லீ: 150 டெவலப்பர், 150 தண்ணீர். 24 பாகை என்று பார்த்து ஊற்றி, நேரத்தைத் தொடங்கி, முதல் 10 செக்கனில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். டாங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் குமிழிகள் விலகும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. கூட ஆட்டினால் துளைகளின் பக்கமாகக் கோடு விழும். 9 நிமிடம் முடிய 10 செக்கன் இருக்கும்போதே ஊற்றத் தொடங்கி, உடனே தண்ணீர் நிரப்பி ஆட்டி ஊற்றுங்கள். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டொப் பாத் இருந்தால் 10 செக்கன் போதும். பிறகு ஒன்றுக்கு நான்கு தண்ணீர் கலந்த ஃபிக்சர், 5 நிமிடம். இதன்பின் டாங்கைத் திறக்கலாம்.

கழுவலுக்குத் தண்ணீரை ஓடவிடத் தேவையில்லை. டாங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றுங்கள், மீண்டும் நிரப்பி 10 முறை, மீண்டும் நிரப்பி 20 முறை. கடைசியாக, வடித்த தண்ணீர் 300 மி.லீ, அதில் நீர்ப்புள்ளி விழாமல் தடுக்கும் போட்டோபுளோ ஒன்றரை மி.லீ, அரை நிமிடம். பிலிமைத் துடைக்காமல், மேலே ஒரு கிளிப், கீழே பாரத்துக்கு ஒரு கிளிப் என்று குளியலறையில் கொழுவுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் விறாந்தையில் கொழுவினால் செம்மண் முழுவதும் அதில்தான். ஃபானும் போடவேண்டாம். இரவென்றால் லைற்றையும் அணையுங்கள், ஈரப் பிலிமில் பூச்சி ஒட்டினால் கழராது.

டெவலப்பரை ஒருமுறையோடு எறியலாம். ஃபிக்சரைத் திரும்பப் பாவிக்கலாம், கலந்த ஒரு லீற்றர் ஏறத்தாழ 24 றோலுக்கு வரும். வெட்டிய பிலிம் நாக்கை அதில் போட்டுத் தெளிய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். புதிதில் எடுத்ததை விட இரட்டிப்பானால் மாற்றவேண்டும். பழைய ஃபிக்சரில் வெள்ளி இருக்கும். கிணற்றடியிலோ மலசலகூடக் குழியிலோ ஊற்றாதீர்கள். நம் சுண்ணக்கல்லில் அங்கே ஊற்றுவது பக்கத்துக் கிணற்றில்தான் போய் நிற்கும். அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில், பிள்ளைகளும் கோழிகளும் எட்டாத திறந்த வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சியதைக் கட்டி வையுங்கள்.

நெகட்டிவ் சொல்வது

காய்ந்த பிலிமை வெள்ளைக் கடதாசிக்கு எதிரே பிடித்து, படத்தை விட்டுவிட்டு ஓரத்து எண்களை முதலில் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை, உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் நல்ல கறுப்பு, படமே இல்லை என்றால் பிலிம் கமராவில் ஓடவில்லை. எண்ணும் இல்லை படமும் இல்லை என்றால் டெவலப்பர் வேலை செய்யவில்லை, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். எண்கள் கறுப்பு, படம் மெலிவு என்றால் வெளிச்சம் போதவில்லை. எண்களும் சேர்ந்து மெலிவு என்றால் டெவலப்பரில் நேரமோ சூடோ குறைந்துவிட்டது. பால் போல மங்கியிருந்தால் ஃபிக்சர் போதவில்லை. பயப்படவேண்டாம், திரும்ப ஃபிக்சரில் போட்டால் தெளியும். பிறைவடிவ அடையாளங்கள் றீலில் ஏற்றும்போது பிலிம் மடிந்ததால் வந்தவை. சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தால் வடித்த தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் காயவிடுங்கள்.

இனி டிஜிட்டல் கமராவை வெளியே எடுக்கலாம். பிலிமை ஆறு ஆறு படமாக வெட்டி, தட்டையாகப் பிடித்து, வெள்ளை எல்ஈடி பலகைக்கு மேல் வைத்து, கிட்டத்தில் எடுக்கும் மக்ரோ லென்ஸால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, றோ (RAW) வடிவத்தில் நேர் மேலிருந்து எடுங்கள். பலகை இல்லையென்றால் போனின் வெள்ளைத் திரை போதும், ஆனால் பிலிமைத் திரையில் இருந்து சில சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். ஒட்ட வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். அறை லைற்றை அணைத்துவிடுங்கள். கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்பையும் வெள்ளையையும் சரிசெய்தால் படம் வந்துவிடும். பிலிமின் பளபளப்பான பக்கம் கமராவைப் பார்க்கவேண்டும். மங்கிய பக்கத்தை வைத்து எடுத்தால் கஸ்தூரியார் வீதிக் கடைப் பலகை எல்லாம் கண்ணாடியில் பார்த்த எழுத்தாக வரும், அதைக் கணினியில் இடம்வலமாகத் திருப்பிக்கொள்ளலாம்.